வளர்மதி மதினி வரைந்த ழகரம்

ஜெயா அக்கா, முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமும் காட்டாதீர்கள். டி.டி.பி. அறையில் மதினியோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் படிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். முதலாளி நல்லவர்தான், ஆனால் அப்பாவைப் பார்த்துவிட்டால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

மதினியின் முப்பதாம் நாளுக்கு நினைவுமலர் போடுவதாகவும், வீட்டிலிருந்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அண்ணன் தன்னால் முடியாது என்றுவிட்டான். அப்பா என்னை எழுதச் சொன்னார். நான் எழுதி, அவரிடம் காட்டி, சரி என்று வாங்கிய பக்கமும் இதோடு இருக்கிறது. மதினி குணவதி, குடும்ப விளக்கு, எப்போதும் சிரித்த முகம் என்றெல்லாம் அதில் இருக்கும். அதையே அச்சில் போடுங்கள். இது உங்களுக்காக, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதுவது. அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் மதினியின் படத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

செய்தி வந்த மதியம் எங்களுக்குத் தமிழ் வகுப்பு. அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் பைக்கில் வந்து, தலைமையாசிரியையிடம் சொல்லி என்னைக் கூட்டிப்போனார். மதினிக்கு முடியவில்லை, மதுரையில் சேர்த்திருக்கிறார்கள் என்பது முன்பே தெரியும். எம். புதுப்பட்டி தாண்டி எங்கள் ஊர் விலக்கில் திரும்பியதும் எனக்கே தெரிந்துவிட்டது. திருப்பணி தொடங்கிய நாளிலிருந்து கோயிலில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த மைக் செட் நின்றுபோயிருந்தது. அப்பாதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. மருமகளுக்காக அந்தக் கோயிலில் எங்கள் வீடு நிறுத்திய ஒரே காரியம் அந்த மைக் செட்தான்.

மதினி விருதுநகர்க்காரர். கல்யாணமாகி வந்த மறுநாள் அவரை ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். உள்ளே தீபாராதனை நடக்கிறது, புதுப்பெண்ணைக் காணோம். தேடினால் கருவறையின் வெளிச்சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பட்டுச்சேலையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கூட வந்த பெண்கள் அவர் காதுபடவே சொன்னார்கள்: “பொண்ணு சாமிய விட்டுட்டு சொவரக் கும்பிடுது. டவுனுல அப்படித்தான் போல.” அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மதினி அதைக் கவனிக்கவே இல்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்து, பிசுக்குக்கு அடியில் வரிவரியாக இருந்த பழைய எழுத்துகளில் ஒன்றைக் காட்டினார்.

“மாரி, இந்த ழ-வப் பாரு. வாலு எம்புட்டு நீளம். கீழ வரிக்குள்ள போய் உக்காந்திருக்கு. ஊரே வாளப்பளம்னு சொல்லுது, இந்தச் சொவரு மட்டும் இம்புட்டு அழுத்தமா ழ போட்டு வச்சிருக்கு பாரேன்.”

பதினாறு வருடமாக நான் சுற்றி வந்த சுவர். அதில் எழுத்து இருப்பது தெரியும். பல்லி இருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த மார்கழி லீவில் அவர் மைப்படி எடுக்கத் தொடங்கினார். நீங்கள் அவற்றைக் கருப்புத் தாள்களாகத்தான் பார்த்திருப்பீர்கள். எடுத்த விதத்தைச் சொல்கிறேன். சுவரைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை எழுத்தின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, அரைகுறையாகக் காய்ந்ததும் மேலே மை ஒற்றவேண்டும். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கருப்பு. முதல் தாள் கிழிந்தது. அடுத்தது காற்றில் பறந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. ஆட்டுக்கார மாடசாமி பெரியப்பா மந்தையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

“என்ன தாயி, கோயிலுக்கு மூட்டுவலியா? பத்துப் போடுதீக.”

“ஆமா பெரியப்பா. ஆயிரம் வருசமா நின்னுக்கிட்டே இருக்குல்ல.”

மதினி கல்வெட்டு படித்தவர் இல்லை. டிப்ளமா முடித்துவிட்டு உங்கள் அச்சாபீஸில் பட்டாசு லேபிள் வரைந்தவர். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தப்பும் தவறுமாகப் படித்தார். யாரோ ஒருவர் கோயிலில் விளக்கு எரிய ஆடுகள் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே பொங்கல் வந்துவிட்டது. சாவா மூவாப் பேராடு என்று இருந்தது. சாகாத, கிழடு தட்டாத ஆடு. மாடசாமி பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, அதில் ஒரு சோடி தனக்கும் பிடித்துக் கொடுத்தால் கோமாரிக்குப் பயப்படாமல் இருப்பேன் என்றார். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மதினி பிறகு எனக்குச் சொன்னார். கடைசி வரியில் எழுதினவருடைய ஒப்பம். ‘இவை’ என்று தொடங்கி, ஒரு பெயர், பிறகு ‘எழுத்து’ என்று முடியும். அந்தக் காலத்தில் அப்படித்தான் முடிப்பார்களாம். எங்கள் சுவரில் நடுவில் இருந்த பெயர் தேய்ந்துபோயிருந்தது. மதினி அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“எல்லாம் எழுதுனவரு பேரு மட்டும் போயிருச்சு மாரி. எழுத்துன்னு சொன்னது நிக்கி.”

அதற்குப் பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மைப்படிகளை ஸ்கேன் செய்து, கோடு கோடாக வரைந்து, அந்தச் சுவரிலிருந்து ஒரு எழுத்துரு செய்தார். சனிக்கிழமை உங்கள் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்தெல்லாம் அப்போது ஒரே கனத்தில் உருண்டையாக இருக்கும். மதினியுடையது, உளி இறங்கிய இடத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, வெடுக்கென்று நிற்கும். சுவரில் புள்ளியே கிடையாது என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி அவராக வைத்தார். அதைக்கூட வட்டமாக வைக்கவில்லை, உளியால் ஒரே ஒரு கொத்துக் கொத்தியது போல வைத்தார். வெடிப் பெட்டிக்கு ‘ஸ்பெஷல்’ வேண்டுமே என்று நீங்கள் கேட்டபோது, கல்வெட்டின் தலையில் இருந்த ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’யிலிருந்து ஸகரத்தை எடுத்துக் கொடுத்தார். ‘கிஃப்ட் பாக்ஸ்’ வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். “ராசா காலத்துல யாரும் கிஃப்ட் பாக்ஸ் வாங்கலியே, நான் எங்கன போவேன்” என்று தலையில் கைவைத்தார். நீங்கள் சிரித்த சிரிப்பு மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

ஓலையைப் பற்றி அவர் சொன்னதற்கு நீங்கள் சண்டை போட்டீர்கள். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்: “ஓலையில எழுதுனவுக நேர்கோடு இழுக்கப் பயந்தாக. அழுத்தி இழுத்தா ஓலை கிழிஞ்சிரும். அதனால எல்லாத்தையும் வளைச்சாக. அச்சுக்கு வந்த எழுத்து அந்தப் பயத்தோடயே வந்திருச்சு. கல்லுக்கு அந்தப் பயம் இல்ல.”

அவருடைய எழுத்தை முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது, ழகரத்தைத் தவிர. வால் கீழே இறங்கி ராக்கெட் படத்தின் மேல் இடிக்கிறது, நறுக்கிவிடு என்றார். மதினி நறுக்கினார். நீளமான ழகரத்தை அழிக்காமல் வேறொரு கீயில் ஒளித்துவைத்தார். எந்தக் கீ என்று உங்களுக்குத் தெரியும்.

இனி எழுத வெட்கப்படுவதை எழுத வேண்டும்.

ஆவணியில் கோயிலுக்குக் கம்ப்ரசர் வந்தது. சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கும் வேலை. அது எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும் என்று மதினி அப்பாவிடம் சொன்னார். எழுத்து இருந்த மூன்று சுவரில் ஒன்றைத்தான் மைப்படி எடுத்திருந்தார், மற்ற இரண்டும் பாக்கி. எங்கள் அப்பாதான் திருப்பணிக் குழுத் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. மதினி பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “சரி தாயி. எழுத்து இருக்கிற பக்கம் கம்ப்ரசர் போகாது. நான் சொல்லுதேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

குழுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று சுவரையும் விட்டுவிடலாம் என்று அப்பா தொடங்கியதும், ஏன் என்று கேட்டார்கள். அப்பா மதினி சொன்னதைச் சொன்னார். அவர்கள் காப்பியை உறிஞ்சினார்கள். பிறகு ஒருவர், “அப்ப பரிவட்டத்தையும் மருமகளுக்கே கட்டிருவோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “எல்லாச் சொவரும் ஒண்ணுதான். அடிக்கச் சொல்லுங்க” என்றார். டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதினி பஸ் ஏறிப் போன பிறகு தொடங்கினார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கோயில் வெள்ளைவெளேர் என்று நின்றது. சாயங்காலம் மதினி பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அங்கேதான் போனார். சுவரில் கையை வைத்தார். கை முழுக்க மாவு மாதிரித் தூசி ஒட்டியது. அதைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்து, கைகழுவி, எல்லோருக்கும் சோறு போட்டார். அப்பாவால் பேசாமல் சாப்பிட முடியவில்லை.

“என்ன தாயி, கோயிலு பளிச்சுன்னு இருக்கா?”

“பளிச்சுன்னு இருக்கு மாமா.”

அந்தச் சுவரைப் பற்றி அவர் எங்கள் வீட்டில் கடைசியாகப் பேசியது அதுதான்.

பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எண்ணெய்ச் சட்டி வாசம் வந்தாலே எழுந்து போய்விடுவார். வேலையிலிருந்து வந்ததும் படுத்துக்கொள்வார். வீம்பு பிடிக்கிறாள், ஒரு சுவருக்காக மாமனாரைப் பட்டினி கிடந்து பழிவாங்குகிறாள் என்று அம்மா சொன்னார். அண்ணன் லோடு ஏற்ற ராத்திரி பகலாகப் பட்டாசுக் கம்பெனியிலேயே கிடந்தான். தீபாவளி சீசன். வந்த நேரத்தில் அவனும் அம்மா சொன்னதையே நம்பினான். மதினியும், உடம்பு அசதிதான், சீசன் முடியட்டும் என்பார். நீங்களும் அந்த மாதம் லேபிள் ஆர்டரில் மூழ்கிக் கிடந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அவர் வீடு எங்கள் வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய உள்ளங்கையையும் நகத்தையும் பார்த்தேன். மஞ்சளாக இருந்தன. நம் பக்கத்தில் யாருக்கும் கையில் நிறம் இருப்பது புதிது இல்லையே. பட்டாசுக்குப் போகிறவர்கள் கை வெள்ளிபோல மின்னும், அச்சாபீஸ்காரர்கள் கையில் மை இருக்கும். லேபிள் முழுக்க மஞ்சள்தானே, மிஷினில் தாள் பார்க்கப் போனபோது ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துவந்து, அவர் கையை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தார். தோல் சிவந்ததே தவிர மஞ்சள் போகவில்லை.

“போகலியா புள்ள?”

“போகல மதினி. இது என்ன மையோ.”

“விடு. தானாப் போகும்.”

தீபாவளிக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தபோது, காலை வெயிலில் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு அம்மா கத்திவிட்டார். காமாலை முற்றியிருந்தது. அன்றைக்கே விருதுநகருக்குக் கூட்டிப்போனார்கள், அங்கிருந்து மதுரைக்கு. கார்த்திகை பாதியில் மைக் செட் நின்றது.

மண்ணெண்ணெய் வாசம் வந்தால் இப்போதும் நான் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுகிறேன். ஸ்டவ் பற்றவைக்க அம்மா கூப்பிட்டால் படிக்கிறேன் என்று பொய் சொல்கிறேன்.

இன்று மாலை உங்கள் அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தை மாதக் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணிக் குழுவின் பெயர்களைக் கல்லில் வெட்டி, கோயில் முகப்பில் பதிக்கப் போகிறார்கள். தீட்டு என்பதால் அப்பா கலசத்தைத் தொடமாட்டார். கல்லில் மட்டும் முதல் பெயர் அவருடையது. நீங்கள் ஸ்டிக்கரில் எழுத்தை வெட்டிக் கொடுத்தால், அதைக் கல்லில் ஒட்டி மேலே மணலைப் பீய்ச்சுவார்கள். எழுத்து இருக்கும் இடம் மட்டும் குழியும். சுவரை அழித்த அதே கம்ப்ரசர்தான்.

என்ன எழுத்து வேண்டும் என்று பார்த்துச் சொல்ல அப்பா வந்தார். பிழை பார்க்க என்னையும் கூட்டி வந்தார். நீங்கள் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். இது மெலிசு, இது சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். மதினியின் எழுத்து வந்ததும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இது நல்லாருக்கே. பாத்தா நம்ம கோயில் எழுத்து மாதிரியே இருக்கு. இதையே போடுங்க தாயி.”

நீங்கள் கீ போர்டைப் பார்த்தீர்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே தெரியாது, அக்கா. தெரிந்திருந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லியிருப்பார். வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த எழுத்தை யார் செய்தார்களோ, கைராசிக்காரர் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் அழுதிருப்பாரா, அடித்திருப்பாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பயந்தேன்.

புரூப் தாள் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் கொண்டுவந்து தருவேன். பெயர்களில் பிழை எதுவும் இல்லை. எல்லாப் பெயருக்கும் கீழே, கடைசி வரியாக, என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ‘இவை வளர்மதி எழுத்து’ என்று. பக்கத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் அந்தத் தாளைக் காட்டுங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பெண் சேர்த்தாள், நாங்கள் வெட்டினோம் என்று சொல்லுங்கள். கல்காரர் எதையும் படித்துப் பார்ப்பதில்லை, ஒட்டியதை வெட்டுவார். ஸ்டிக்கரை உரித்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். அதற்கப்புறம் அதை எடுக்க வேண்டுமானால் கல் முழுக்க அடித்து, அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

தெரிந்தால் ப்ளஸ் டூவோடு என்னை நிறுத்திவிடுவார்கள். படித்த பெண் வந்துதான் இந்த வீட்டில் இவ்வளவும் ஆனது என்று இப்போதே பேச்சு இருக்கிறது. அதனால் நீங்கள் முடியாது என்றாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், வேறு புரூப் எடுத்து அதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மதினியுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவருடைய சேலைகள் விருதுநகருக்குப் போய்விட்டன. மைப்படிகள் உங்கள் அலமாரியின் மேலே இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும், எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். என்னிடம் இருப்பது என் கையெழுத்தில் வந்துவிட்ட ழகரம். எனக்குத் தெரியாமலே வால் கீழ் வரிவரைக்கும் போய்விடுகிறது. தமிழம்மா சிவப்பு மையில் சுழித்து, ஒழுங்காக எழுது என்கிறார். நான் மாற்றவில்லை. இந்தப் பக்கங்களிலும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வரியில் ஒரு ழகரம் வருகிறது. மதினி ஒளித்துவைத்ததைப் போடுங்கள், நறுக்கியதை வேண்டாம். அதற்குக் கீழே வரி எதுவும் இல்லை, இடிக்கிற படமும் இல்லை, கல் முழுக்க இடம் இருக்கிறது. வால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் போக

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் இருமல். இதைப் புரூப் தாளுக்குள் மடித்துவைக்கிறேன்.